கொதிகலனை முதலில் ஏற்றிய நாள்

தம்பி, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? உங்களுக்குக் கீழே வேலை பார்த்த ஒருவரிடம் நீங்கள் எப்போதாவது மன்னிப்புக் கேட்டதுண்டா? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். மேலே இருப்பவரிடம் நாம் நாளெல்லாம் கேட்கிறோம், அது பிழைப்பு. கீழே இருப்பவரிடம் கேட்டதுண்டா?

திடீரென்று இப்படிக் கேட்கிறாளே என்று பார்க்கிறீர்கள். உங்கள் மடியில் இருக்கும் புத்தகம்தான் காரணம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல். மகளுக்கா? நல்லது. நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்தப் பாடத்தைத்தான் நடத்தினேன். ஞானசௌந்தரி என்று பெயர். ஓய்வு பெற்றுப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. இப்போது திருச்செந்தூரில் ஒரு பள்ளி விழாவில் பேசப் போகிறேன். 'உண்மையே உயர்வு' என்பது தலைப்பு. எனக்கு இப்படி மாதத்துக்கு இரண்டு அழைப்பாவது வரும். நன்றாகப் பேசுவேன் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு எளிய உவமைகள் வழியாகச் சொன்னால் மனத்தில் பதியும்.

நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? வடலிக்கரையா? அப்படியா. நான் பணியாற்றிய பள்ளி அங்கேதான் இருக்கிறது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, பெண்கள் மேல்நிலைப் பள்ளி. இந்தப் பேருந்து அங்கே போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் ஆய்வகத்தில் முப்பிடாதி என்று ஓர் உதவியாளர் இருந்தாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். தற்காலிகப் பணிதான், நிர்வாகம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லி ஆறு ஆண்டுகள் ஓட்டியிருந்தது. கணவன் கிடையாது. இசக்கி என்று ஒரே மகள், மூன்றாம் வகுப்பில் படித்தாள். முப்பிடாதியின் வேலை, கருவிகளைத் துடைப்பதும் எடுத்து வைப்பதும்தான். ஆனால் அவள் கருவிகளைப் பார்த்த விதம் வேறு. நான் பாடம் நடத்தும்போது கதவோரம் நின்று கேட்பாள். கேட்டதைத் தன் மொழியில் மாற்றி வைத்துக்கொள்வாள். மின்னூட்டம் ஈரத்தின் வழியே கசிந்துவிடும் என்று நான் சொன்னால், அவள் அதை, "கரண்டுக்கு ஈரம்னா ஒழுகுத பானை மாதிரி, என்ன டீச்சர்?" என்பாள். நான் திருத்துவேன். உவமைகூட எனக்குச் சரியாக இருக்க வேண்டும்.

நிலை மின்னியல் சோதனைகள் கடற்கரை ஊரில் எளிதில் நடப்பதில்லை, தம்பி. காற்றில் எப்போதும் ஈரப்பதம். கண்ணாடித் தண்டைப் பட்டில் தேய்த்தாலும், எபோனைட் தண்டைக் கம்பளியில் தேய்த்தாலும், சேர்கிற மின்னூட்டம் நிற்பதில்லை. அதற்கு முப்பிடாதி ஒரு வழி வைத்திருந்தாள். காலை ஏழு மணிக்கே வந்து, தண்டுகளையும் பட்டுத் துணியையும் கம்பளியையும் ஒரு சுளகில் பரப்பி மாடி வெயிலில் வைப்பாள். பிறகு ஒரு பெரிய பிஸ்கட் தகரத்துக்குள் அறுபது வாட் குண்டு பல்பை எரியவிட்டு, அதற்குள் எல்லாவற்றையும் மூடி வைப்பாள். சோதனை தொடங்கும் வரை சூடு ஆறாது. நான் பயிற்சி பெற்ற கல்லூரியில்கூட அப்படி ஒரு ஏற்பாட்டைக் கண்டதில்லை. அதை அவளிடம் சொன்னேனா என்றால், சொல்லவில்லை. பாராட்டினால் பணியாளர்கள் தளர்ந்துவிடுவார்கள் என்று அப்போது ஒரு கொள்கை வைத்திருந்தேன்.

இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு நவம்பர் மாதம். மேல்நிலை அறிவியல் பிரிவுக்கு ஆய்வு செய்ய ஓர் அதிகாரியும் அவருடன் மூவரும் வந்தார்கள். இரண்டு நாள் மழை பெய்து, அன்று காலை நல்ல வெயில். எட்டரை மணிக்கு ஒத்திகை பார்த்தேன். தங்க இலை மின்காட்டியின் அருகே தண்டைக் கொண்டுபோனதும் இலை அழகாக விரிந்தது. முப்பிடாதிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், இது கை கூப்பிக்கிட்டு நிக்கவங்க கையை விரிக்க மாதிரி இருக்கு" என்றாள்.

"கவிதை போதும், மேசையைத் துடை" என்றேன்.

அன்று நான் செய்து காட்ட வேண்டியவை இரண்டு. ஒன்று நிலை மின்னியல். மற்றொன்று வெப்பம்: கொதிகலனில் நீரைக் கொதிக்கவைத்து, நீராவியைக் கலோரிமீட்டருக்குள் செலுத்தி, உள்ளுறை வெப்பத்தைக் கணக்கிடுவது. எப்போதும் மின்னியல்தான் முதலில். ஆனால் கொதிகலன் சோதனையில் கணக்கு உண்டு, கரும்பலகையை நிரப்பலாம், அதிகாரியின் மனத்தில் முதல் பதிவு வலுவாக விழும் என்று எண்ணி வரிசையை மாற்றினேன்.

முப்பிடாதி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், ஆவி அடுப்பைப் பொறவு வச்சுக்கிடலாமே? ரூமு பூரா ஆவி அடிக்கும்லா."

"நீ இயற்பியல் படித்தவளா?"

மேசையைத் துடைக்கப் போனாள். நாற்பத்து இரண்டு மாணவிகள் உள்ளே வந்து நெருக்கி உட்கார்ந்தார்கள். மின்னியல் சோதனைக்காக நூலில் தொங்கவிட்டிருந்த நெட்டிப் பந்துகள் காற்றில் ஆடின. ஆகவே மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன்.

மறுபடி வந்தாள். "ஒரு ஜன்னலையாவது திறந்திரட்டா டீச்சர்? பிள்ளைகளுக்கு வேர்க்கு."

"போய் மூலையில் நில்."

இப்போது நீங்களே சொல்லுங்கள். ஒரு மனித உடல் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஏறக்குறைய நூறு வாட் விளக்கின் அளவுக்கு வெப்பம் விடுகிறது. நாற்பத்தெட்டுப் பேர். மூடிய அறை. மூச்சிலும் வியர்வையிலும் ஈரம். அதற்கு மேல் அரை மணி நேரம் ஒரு கொதிகலன். இதைக் கணக்காகக் கொடுத்தால் உங்கள் மகள்கூட விடை எழுதுவாள். நான் அந்தப் பாடத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவள்.

நீராவிச் சோதனை நன்றாக முடிந்தது. அதிகாரி தலையசைத்தார். அடுத்து மின்காட்டி. தண்டைத் தேய்த்தேன், அருகில் கொண்டுபோனேன். இலை அசையவில்லை. மறுபடி தேய்த்தேன். அசையவில்லை. நெட்டிப் பந்துகளிடம் போனேன். அவை இரண்டும் ஒன்றையொன்று தெரியாதவை போல் தொங்கின.

அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன டீச்சர், உங்க தங்க இலை இன்னைக்கு லீவா?" என்றார்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. தம்பி, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பதினேழு ஆண்டுகள் அந்தப் பள்ளியில் என் முன்னால் எவரும் சிரித்ததில்லை. என் வாய் தானாகச் சொன்னது: "உதவியாளர் ஈரத் துணியால் துடைத்துவிட்டார், சார்."

முப்பிடாதி மூலையிலிருந்து முன்னால் வந்தாள். "இல்ல சார். ஈரத்துணிய நான் தொடவே இல்ல. காலையில இலை நல்லா விரிஞ்சுது, டீச்சரே பாத்தாவ."

"அப்போ டீச்சர் பொய் சொல்றாங்கங்கிறியா?"

"நான் அப்படிச் சொல்லல சார். நான் துடைக்கலன்னு சொல்லுதேன்."

எவ்வளவு கவனமான வாக்கியம், பாருங்கள். தன்னையும் காத்து என்னையும் காக்கிற வாக்கியம். அது எனக்கு அப்போது திமிராகத் தெரிந்தது. அதிகாரி, நடந்ததை எழுதித் தரும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். எழுதிக் கொடுத்தேன். 'பொறுப்பற்றவர், கேட்டால் பொய் சொல்பவர்' என்று என் கையெழுத்தில் எழுதினேன். அந்தக் கல்வியாண்டின் முடிவில் நிர்வாகம் அவளை நிறுத்திவிட்டது.

உண்மையான காரணம் எனக்கு அப்போது தெரியாது. பதற்றத்தில் இருந்தேன். பல நாள் கழித்துத்தான் மெல்ல விளங்கியது. அறியாமல் செய்த பிழைக்கு அளவு குறைவு அல்லவா?

முப்பிடாதி உப்பளத்துக்குப் போனாள். வேறு எங்கே போவாள்? 'பொய் சொல்பவர்' என்று ஒரு பள்ளி எழுதிய பெண்ணை எந்த அலுவலகம் சேர்க்கும்? வெயிலில் நீர் ஆவியாகி உப்புப் படிவதைத்தான் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாரினாள். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி அவள் கண்ணைக் கெடுத்தது. ஓரிரு முறை பேருந்தில் போகும்போது உப்பளத்து வரப்பில் அவளைப் பார்த்ததுண்டு. பார்த்து, மறுபக்க ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்துகொண்டேன்.

தூண்டல் முறையில் மின்னேற்றுவதைப் பற்றி உங்கள் மகளின் புத்தகத்தில் இருக்கும். மின்னூட்டம் பெற்ற தண்டை ஒரு பொருளின் அருகே கொண்டுபோவோம், பொருளை விரலால் ஒருமுறை தொடுவோம், விரலையும் தண்டையும் விலக்குவோம். பொருளில் மின்னூட்டம் ஏறியிருக்கும். தண்டோ துளியும் இழந்திருக்காது. முப்பத்து நான்கு ஆண்டுகள் அதைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன், தம்பி. எனக்குப் பதவி உயர்வு வந்தது. விருது வந்தது. எதையும் நான் இழக்கவில்லை.

மூன்று வாரங்களுக்கு முன் தொலைபேசி வந்தது.

"டீச்சர், நான் இசக்கி பேசுதேன். முப்பிடாதி மக. அம்மாவ தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியில சேத்திருக்கு. உங்களப் பாக்கணும்னு சொல்லுதாவ."

மறுநாளே போனேன். போகாமல் இருக்கவில்லை, அதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிப் போனேன். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். சுருங்கிப்போய்க் கிடந்தாள். கண் சரியாகத் தெரியவில்லை. குரலை வைத்து அடையாளம் கண்டு, எழுந்து நிற்க முயன்றாள். அந்த நிலையிலும் எழுந்து நிற்க முயன்றாள், தம்பி.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அமர்ந்து, அன்று நடந்தது என்னவென்று அவளுக்கு விளக்கினேன். ஈரப்பதம், மூடிய அறை, மின்சாரத்தைத் தடுக்கும் காப்பான்களின் மேல் படியும் நீர்ப்படலம், அதன் வழியே மின்னூட்டம் கசிவது. வெப்ப இயக்கவியலின் விதிகளையும் சொன்னேன்: வெப்பம் தானாகச் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குத்தான் போகும், எதிர்த்திசையில் போக வேண்டுமானால் எவராவது உழைக்க வேண்டும், அதுபோல் மனங்களும் என்றேன். கால் மணி நேரம் பேசியிருப்பேன். தெளிவாகத்தான் பேசினேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு அன்னைக்கே தெரியும்லா டீச்சர். ஜன்னலத் திறக்கச் சொன்னேன்லா" என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் சிரித்துவிட்டாள். இசக்கி சிரிக்கவில்லை.

பிறகு முப்பிடாதி சொன்னாள்: "நாலு மணிக்கு எல்லாரும் போனப்பொறவு நீங்க தனியாச் செஞ்சு பாத்திய. ஜன்னலு எல்லாத்தையும் திறந்து வச்சுக்கிட்டுச் செஞ்சு பாத்திய. நான் வராந்தாவுல குடுவை கழுவிக்கிட்டு இருந்தேன். இலை விரிஞ்சுது. எனக்கு வயித்துல பால வார்த்த மாதிரி இருந்துச்சு. டீச்சருக்குத் தெரிஞ்சுபோச்சு, இனி உண்மையச் சொல்லிருவாவன்னு நெனச்சு நிம்மதியா வீட்டுக்குப் போனேன். அன்னைக்கு ராத்திரி நல்ல உறக்கம்."

நீங்கள் என்னைப் பார்க்கும் பார்வை புரிகிறது. ஆம். பல நாள் கழித்து விளங்கியது என்று சற்று முன் உங்களிடம் சொன்னேன். அது உண்மையன்று. நான்கு மணிக்கு இலை விரிந்தது. ஐந்து மணிக்குக் கடிதம் எழுதினேன். இடையில் இருந்தது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் ஆய்வக நாற்காலியில் உட்கார்ந்து நியாயம் தேடினேன். உதவியாளர் வேறு வேலை தேடிக்கொள்வாள். ஆசிரியையின் பெயர் கெட்டால் மாணவிகள் அறிவியலையே நம்பமாட்டார்கள் என்று ஒரு நியாயம் கிடைத்தது. எவ்வளவு உயர்ந்த நியாயம்! தீமை செய்யும்போதுதான், தம்பி, நமக்கு உயர்ந்த நியாயங்கள் கிடைக்கின்றன. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

"என்னை மன்னித்துவிடு" என்று அப்போது சொன்னீர்களா என்று கேட்கிறீர்கள். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே கையை அசைத்தாள்.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு டீச்சர், நீங்க பெரியவிய. அந்தக் காயிதத்துல நான் பொய் சொன்னேன்னு இருக்கு. அவ பொய் சொல்லலன்னு உங்க கையால எழுதி, பள்ளிக்கூட முத்திரை போட்டு வாங்கிக் குடுத்திருங்க. இசக்கி வாசிப்பா, நான் கேட்டுக்கிடுதேன். அது போதும்."

இசக்கி வார்டின் வாசல் வரை என்னோடு வந்தாள். "டீச்சர், சின்னப் பிள்ளையில நான் எது சொன்னாலும் எங்க தெருவுல, 'பொய்க்காரி மவளே'ம்பாவ. அம்மா அதுக்கு ஒரு நாளும் சண்டைக்குப் போகல. டீச்சர் ஒரு நாள் சொல்லுவாவ, பொறுன்னு சொல்லுவா" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மூன்று வாரங்கள். ஒரு தாளில் நான்கு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எழுதுவது கடினமாக இல்லை, தம்பி. வடலிக்கரைப் பள்ளியில் இப்போது தலைமையாசிரியையாக இருக்கும் சாந்தசீலி என் மாணவி. அந்த நாற்பத்து இரண்டு பேரில் ஒருத்தி, முன்வரிசையில் இருந்தவள். ஒவ்வோர் ஆசிரியர் தினத்தன்றும் எனக்குச் சால்வை போர்த்துகிறாள். 'பொய் சொல்லக் கூடாது என்பதை இவரிடம்தான் கற்றோம்' என்று மேடையில் சொல்கிறாள். அவள் மேசையில் இந்தத் தாளை எப்படி வைப்பேன்? முதல் வாரம் எனக்குக் காய்ச்சல். இரண்டாம் வாரம் பள்ளியில் தேர்வு நடந்தது. மூன்றாம் வாரம் இரண்டு கூட்டங்கள் இருந்தன.

நேற்று இசக்கி மறுபடி அழைத்தாள். "டீச்சர், அம்மா காயிதம் ஆச்சான்னு கேக்காவ. பேச்சு குறைஞ்சுபோச்சு. காது மட்டும் கேக்கு. டாக்டர் ரெண்டு நாள்தான்னு சொல்லிட்டாவ." அவ்வளவுதான் சொன்னாள். கெஞ்சவில்லை. வைத்துவிட்டாள்.

இதோ, இந்தப் பையில் இருக்கிறது. இன்று விடியற்காலை உட்கார்ந்து எழுதிவிட்டேன். இரண்டு படிகள். ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருக்கிறேன்: வரிசையை மாற்றியது நான், ஜன்னலைச் சாத்தியது நான், நான்கு மணிக்கு அறிந்தவள் நான், முப்பிடாதி சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. கையெழுத்தும் போட்டுவிட்டேன். வாசித்துப் பாருங்கள். உறை ஒட்டப்படவில்லை. வடலிக்கரையில் இறங்கியதும் இதை நீங்கள் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும்.

ஏன் நீங்களே இறங்கக் கூடாது என்கிறீர்களா? எப்படி இறங்குவது? விழாவில் அறுநூறு பிள்ளைகள் காத்திருப்பார்கள். அழைப்பிதழில் பெயர் அச்சாகிவிட்டது. சொன்ன சொல் தவறக் கூடாது என்று சொல்லப் போகிறவளே தவறலாமா? நாளை காலை முதல் வேலையாக நானே பள்ளிக்குப் போய் சாந்தசீலியிடம் எல்லாவற்றையும் நேரில் சொல்வேன். நாளை கட்டாயம் போவேன். ஆனால் முப்பிடாதிக்கு நாளை என்பது இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை, தம்பி. அதுதான் எனக்குத் தெரியவில்லை.

உங்களை இதற்கு முன் பார்த்ததில்லை. நீங்கள் யாரென்றும் தெரியாது. ஒருவேளை அதனால்தான் உங்களிடம் இவ்வளவும் சொல்ல முடிந்தது.

நடத்துநர் வடலிக்கரை என்று குரல் கொடுக்கிறார். பிடியுங்கள், இந்த உறையை. தலைமையாசிரியை அறை, உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம். நான்கு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள். ஒரு படியைக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். மற்றொன்றில் முத்திரை வாங்கி, உங்கள் கைபேசியில் படம் எடுத்து அனுப்புங்கள். இசக்கியின் எண் உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறது. அனுப்பிவிட்டு அவளைக் கூப்பிட்டு, அம்மாவின் காதருகே வைத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். சாந்தசீலி என்னைப் பற்றிக் கேட்டால், கேட்டால் என்ன சொல்வீர்களோ சொல்லுங்கள், எதையும் மறைக்க வேண்டாம். தயங்காதீர்கள், பேருந்து நிற்கிறது, இறங்குங்கள். சாயங்காலத்துக்குத் தள்ளாதீர்கள், வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எண்ணாதீர்கள். அவளுக்கு இன்னும் காது கேட்கிறது. இன்றே, தம்பி, இப்போதே போங்கள்!